'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்' மோனோ இசைத்தட்டு: பின்னட்டை சொல்வதும் சொல்லாமல் விட்டதும்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இரண்டாவது ஆல்பம் 'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்'. 1963 மே மாதம் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. இப்போது மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே தட ஒலியில், மறுபதிப்பாகக் கனமான தட்டில் கிடைக்கிறது. இறக்குமதி என்பதால் விலை மூவாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. மொத்தம் 13 பாட்டு, 50 நிமிடம். "போன்ல சும்மா கிடைக்கிற பாட்டுக்கு மூவாயிரமா மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. இந்த வரிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தோண்டிப் பார்க்கிற கிறுக்கு இருக்கிறவர்கள் வாங்கலாம். எனக்கு இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். முன்னட்டைப் படம் பலருக்குத் தெரிந்ததுதான். நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் ஜோன்ஸ் தெரு, பனி அரைகுறையாக உருகிக் கிடக்கிற சாலை, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு டிலன், அவர் கையைக் கோத்தபடி காதலி சூசி ரோட்டோலோ. எடுத்தவர் டான் ஹன்ஸ்டைன். போனில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்த படத்தை ஓரடி அகலத்தில் பார்க்கும்போது அந்தக் குளிர் தெரிகிறது. அந்தக் காலநிலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய ஜாக்கெட். விற்றவர் பெட்டிக்குள் தடுப்பு அட்டைகூட வைக்காமல் அனுப்பியதில் உறையின் ஒரு மூலை மடங்கித்தான் வந்தது. தட்டுக்குச் சேதமில்லை, அதனால் திருப்பி அனுப்பவில்லை.

ஒலி பிரமாதம். ஒரு குரல், ஒரு கிதார், ஒரு ஹார்மோனிகா, பெரும்பாலான பாட்டுகளில் அவ்வளவுதான். ஸ்டீரியோவில் கேட்கும்போது இந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்பதுபோல எனக்குப் படும். மோனோவில் ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார் என்பது புரிகிறது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. ஹார்மோனிகா சில இடங்களில் காதைக் கிழிக்கும். அது தட்டின் குறை இல்லை, வாசித்தவர் அப்படித்தான் வாசித்தார்.

குறை என்றால் இரண்டு. பாடல் வரிகள் அச்சிட்ட தாள் உள்ளே இல்லை. இரண்டாவது குறை பின்னட்டையில் இருக்கிறது. நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

பின்னட்டைக் குறிப்பை எழுதியவர் ஜாஸ் விமர்சகர் நேட் ஹெண்டாஃப். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பத்தி. பல இடங்களில் டிலனின் பேச்சே வருகிறது. ருசியான குறிப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் உள்ள பாட்டுகளில் பாதிக்கு மேல் பழைய மெட்டின் மேல் எழுதியவை. அதில் சிலவற்றைக் குறிப்பு ஒப்புக்கொள்கிறது, முக்கியமான சிலவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழேயே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போட்டுவிடுவார்கள். 'தொண்டு செய்யும் அடிமை'க்கு மேலே பாரதி, நந்தனார் சரித்திரத்தின் 'மாடு தின்னும் புலையா' பாட்டைச் சொல்லி, மெட்டோடு கருத்தையும் பின்பற்றியதாகவே எழுதியிருக்கிறார். மெட்டு வெறும் ராகமாக வருவதில்லை, பழைய பாட்டின் கோபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்று அவருக்குத் தெரியும். டிலனுக்கும் தெரியும். பின்னட்டைக்குத்தான் தெரியவில்லை.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'ப்ளோயிங் இன் தி விண்ட்'. இதன் மெட்டு 'நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்' என்ற கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து வந்தது என்று டிலனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடிமைகளை நிறுத்தி ஏலம் விடுகிற மேடை இனி எனக்கில்லை, சாட்டையடி இனி எனக்கில்லை என்று விடுதலையானவர்கள் பாடிய பாட்டு. ஒவ்வொரு கண்ணியும் 'போனவர்கள் பல ஆயிரம்' என்று முடியும். 1867ல் அச்சான அமெரிக்க அடிமைப் பாடல் தொகுப்பிலேயே இதன் ஒரு வடிவம் இருக்கிறது. டிலன் இதை 1962ல் கேஸ்லைட் என்ற கிரீனிச் வில்லேஜ் காபிக் கடையில் பாடிய பதிவு 1991ல் 'பூட்லெக் சீரிஸ்' முதல் தொகுப்பில் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பழைய பாட்டு 'இனி இல்லை, இனி இல்லை' என்று அறிவிக்கிறது. டிலன் அந்த அறிவிப்புகளை எடுத்துவிட்டு அங்கே கேள்விகளை வைத்தார். மூன்று கண்ணி, கண்ணிக்கு மூன்று கேள்வி, ஆக ஒன்பது. ஒன்றுக்கும் பதில் கிடையாது. சிலர் விடுதலையாக இருக்க அனுமதி கிடைக்க இன்னும் எத்தனை வருஷம் என்கிற கேள்வி நடுக் கண்ணியில் வருகிறது. ஏலமேடைப் பாட்டின் மெட்டில் அந்தக் கேள்வி வருவது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில், சபைப் பாடகர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டு. அதனால் பைபிள் வாடை எங்கே அடித்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், காதிருந்தும் அழுகை கேட்காதவன் என்று இந்தப் பாட்டில் வருவது எசேக்கியேல் 12ஆம் அதிகாரத்தின் குரல்தான். டிலன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தீர்க்கதரிசிகள் அவருக்கு வெளியாட்கள் இல்லை.

முதல் பக்கத்தில் எனக்கு ஆகப் பிடித்தது இரண்டாவது பாட்டு, 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி'. 1962 டிசம்பரில் பி.பி.சி. நாடகம் ஒன்றில் நடிக்க டிலன் லண்டன் போனார். அங்கே நாட்டுப்பாடல் கிளப்புகளில் மார்ட்டின் கார்த்தி என்ற இளம் பாடகர் 'ஸ்கார்பரோ ஃபேர்' பாடுவதைக் கேட்டார். பால் சைமன் அதே கார்த்தியிடமிருந்து கற்று கார்ஃபங்கலோடு சேர்ந்து பாடிப் புகழ்பெற்றது அதற்கு அப்புறம்தான்.

பழைய பாட்டில் ஊருக்குப் போகிற ஒருவனிடம், அங்கே இருக்கிற என் முன்னாள் காதலியிடம் என்னைப் பற்றிச் சொல் என்று ஒருவன் கேட்கிறான். அப்புறம் அவளுக்கு நடக்காத வேலைகளாகக் கொடுத்துவிடுகிறான். தையலே இல்லாமல் எனக்கொரு சட்டை தைத்துத் தரட்டும், அப்போது அவள் என் காதலி, இந்த ரீதியில். ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 கதைப்பாடல்களைத் தொகுத்தாரே, அதில் இரண்டாம் எண் பாட்டின் வம்சம் இது. டிலன் அந்த 'என்னைப் பற்றிச் சொல்' வரியை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார். நடக்காத வேலைகளை மொத்தமாகத் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் என்ன வைத்தார் தெரியுமா? வடக்கே காற்று பலமாக அடிக்கும், அவள் கதகதப்பான கோட்டு போட்டிருக்கிறாளா என்று பார்த்துச் சொல் என்கிறான் இவன். பழையவன் அவளிடம் சட்டை கேட்டான், இவன் அவளுக்குக் கோட்டு இருக்கிறதா என்று விசாரிக்கிறான். அந்த ஒரு மாற்றத்தில் பாட்டு முழுக்க வேறாகிவிட்டது. காதலியைச் சோதிக்கிற பாட்டு அவளை நினைத்துக் கவலைப்படுகிற பாட்டாகிவிட்டது. பின்னட்டையில் இந்தப் பாட்டுக்குக் கீழே ஸ்கார்பரோ என்ற பெயரே கிடையாது.

'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' மெட்டு 'நாட்டமுன் டவுன்'. கென்டக்கியின் வைப்பர் ஊரைச் சேர்ந்த ஜீன் ரிச்சியின் குடும்பம் வழிவழியாகப் பாடிவந்தது. எல்லாம் தலைகீழாக நடக்கிற ஊர் பற்றிய உளறல் பாட்டு அது. அதன் ஒரே சுருதியில் சுற்றிச் சுற்றி வருகிற மெட்டில் ஆயுத வியாபாரிகளைச் சபிக்கிறார் டிலன். சுருதியின் பிடிவாதம்தான் சாபத்துக்குப் பலம். வரிகளை மட்டும் படித்தால் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி போலக்கூடத் தோன்றும்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'எ ஹார்ட் ரெய்ன்ஸ் எ-கானா ஃபால்', கடும் மழை ஒன்று பெய்யப்போகிறது என்று அர்த்தம். ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூவாயிரமும் இதற்கே சரியாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இது 'லார்டு ராண்டல்' என்ற ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடலின் அச்சு. சைல்டு தொகுப்பில் 12ஆம் எண். வேட்டைக்குப் போய் வந்த மகனைத் தாய் கேட்கிறாள்: எங்கே போயிருந்தாய் மகனே? காட்டுக்கு. யார் வீட்டில் சாப்பிட்டாய்? காதலி வீட்டில். என்ன சாப்பிட்டாய்? விலாங்கு மீன். தாய்க்குப் புரிந்துவிடுகிறது, விஷம். மகன் ஒவ்வொரு பதிலையும் 'படுக்கையை விரி அம்மா, படுக்க வேண்டும்' என்றே முடிக்கிறான். அப்புறம் அவள் யாருக்கு எதை விட்டுப்போகிறாய் என்று கேட்கிறாள்.

டிலன் பாட்டிலும் கேள்விதான் முன்னால் வருகிறது. எங்கே போயிருந்தாய், என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யாரைச் சந்தித்தாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்று ஐந்து. ஆனால் பழைய மகனின் பதில் ஒரு வரி. இவன் பதில் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போகிறது. பச்சைக் குழந்தையைச் சுற்றி ஓநாய்கள், ஆளில்லாத வைர நெடுஞ்சாலை, ஒரு படிமத்துக்கும் அடுத்த படிமத்துக்கும் தொடர்பே கிடையாது. லார்டு ராண்டலில் விஷம் வைத்தது ஒருத்தி. இங்கே யார் வைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, உலகம் முழுக்க விஷம். 'கேள்விக்குப் பதில்' என்ற அந்தப் பழைய சட்டகம் இல்லாமல் இவ்வளவு படிமங்களை யாராலும் கட்டிப்போட முடியாது. சிதறிப் போயிருக்கும்.

இந்தப் படிமங்களுக்குப் பிரெஞ்சுக் கவி ரைம்போவைக் காரணம் சொல்வது வழக்கம். சூசி ரோட்டோலோதான் ரைம்போவை அறிமுகப்படுத்தியவர். டிலன் 2004ல் எழுதிய தன்வரலாற்றிலும் அது வருகிறது. இருக்கட்டும். எனக்குக் கேட்பது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம். 'கண்டேன், கேட்டேன், கண்டேன், கேட்டேன்' என்றே அடுக்கிக்கொண்டு போகிற புத்தகம் அது. எட்டாம் அதிகாரத்தில் முதல் எக்காளம் ஊதியதும் இரத்தம் கலந்த கல்மழையும் அக்கினியும் பூமியில் விழும். மழை என்றதும் அதை எழுதிய பத்மு தீவு யோவான் ஞாபகம் வராத சபைப் பிள்ளை உண்டா? பாரிஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து அணுப்போர் மூளுமோ என்று உலகம் பயந்த கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது எழுதிய பாட்டு என்று பின்னட்டை சொல்கிறது. கென்னடி அதைத் தொலைக்காட்சியில் அறிவித்தது 1962 அக்டோபர் 22. டிலன் இந்தப் பாட்டை கார்னகி ஹாலில் பாடியதோ செப்டம்பர் 22. ஒரு மாதம் முன்னால்! ஆனால் அதே குறிப்பில் டிலன் சொன்னதாக ஒரு விஷயம் வருகிறது: இதில் ஒவ்வொரு வரியும் தனிப் பாட்டின் தொடக்கம், அத்தனையும் எழுத ஆயுசு இருக்காது என்று பட்டதால் எல்லாவற்றையும் இதிலேயே போட்டுவிட்டேன் என்று. இருபத்தொரு வயசுப் பையனின் பேச்சு. அதற்காகவே பின்னட்டையை மன்னித்தேன்.

கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் இந்தியாவில் கல்கத்தா, காசி என்று அலைந்துவிட்டு 1963ல் அமெரிக்கா திரும்பியபோது கலிபோர்னியாவில் ஒரு விருந்தில் யாரோ டிலனின் தட்டைப் போட்டிருக்கிறார்கள். கேட்டு அழுதுவிட்டதாக 2005ல் வந்த ஆவணப்படத்தில் சொல்கிறார், தீப்பந்தம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவிட்டது என்று பட்டதாம். 'ஹார்ட் ரெய்ன்'தான் அது என்று நினைவு அவருக்கு. 2016ல் டிலனுக்கு நோபல் கொடுத்தபோது ஸ்டாக்ஹோமில் பாடகி பேட்டி ஸ்மித் பாடியதும் இதைத்தான். நடுவில் வரி மறந்து நின்று, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

தட்டைத் திருப்புவோம். 'டோன்ட் திங்க் ட்வைஸ்' பால் கிளேட்டன் என்ற நண்பரின் பாட்டிலிருந்து வந்தது. மெட்டு மட்டுமில்லை, உட்கார்ந்து பெருமூச்சு விட்டு என்ன பயன் என்பதும், ஆளில்லாத நீண்ட சாலையில் நடக்கிறேன் என்பதும் அங்கிருந்து வந்த வரிகள். கிளேட்டனும் பழைய பாட்டு ஒன்றை எடுத்துத்தான் அதைச் செய்திருந்தார். பதிப்பாளர்களுக்குள் வழக்கு வந்து சமரசமானது. சூசி இத்தாலிக்குப் படிக்கப் போய் மாதக்கணக்கில் திரும்பாத நேரம் அது. கடன் வாங்கிய வரியில் சொந்தக் கசப்பு. இது காதல் பாட்டே இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ள ஒருவன் சொல்லிக்கொள்வது என்று டிலன் சொன்னதைக் குறிப்பு எடுத்துப் போட்டிருக்கிறது. கிளேட்டன் பெயர் வரவில்லை. நண்பன் பெயரையாவது போட்டிருக்கலாம்.

'பாப் டிலன்ஸ் ட்ரீம்' விஷயத்தில் மட்டும் குறிப்பு நேர்மையாக நடந்துகொள்கிறது. மார்ட்டின் கார்த்தி பாடிய 'லார்டு ஃபிராங்க்ளின்' மெட்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1845ல் வடதுருவக் கடல்வழி தேடி 128 பேரோடு போய்த் திரும்பாத சர் ஜான் ஃபிராங்க்ளினைப் பற்றிய புலம்பல் அது. மாலுமி தூங்கிப்போய்க் கனவு காண்கிறான். என் ஃபிராங்க்ளின் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தால் பத்தாயிரம் பவுண்டு கொடுப்பேன் என்று பாட்டு முடியும். டிலன் பாட்டில் ரயிலில் மேற்கே போகிறவன் தூங்கிப்போகிறான். பழைய நண்பர்களோடு விறகடுப்பு அறையில் சிரித்துக்கிடந்த நாட்கள் கனவில் வருகின்றன. அந்த வாழ்க்கை திரும்பக் கிடைத்தால் பத்தாயிரம் டாலர் கொடுப்பேன் என்கிறான். பவுண்டு டாலராகிவிட்டது, தொகை மாறவில்லை. பனிக்கடலில் தொலைந்த கப்பல் பற்றிய பாட்டு அடியில் கிடப்பதால்தான் சின்ன வயசுச் சிநேகிதம் பற்றிய ஒரு சாதாரணப் பாட்டுக்கு இவ்வளவு கனம்.

'கொரீனா கொரீனா' எல்லாரும் பாடுகிற பழைய பாட்டு. நடுவில் பாடுகிற பறவை ஒன்று வந்து போகும். அது ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1937ல் பதிவுசெய்த பாட்டிலிருந்து பறந்து வந்தது. ஜான்சனின் பாட்டுகளைத் தொகுத்து 1961ல் கொலம்பியா வெளியிட்டது. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் டிலன் கையில் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். வரிகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்து எப்படிக் கட்டியிருக்கிறான் இந்த மனுஷன் என்று ஆராய்ந்ததாக டிலன் தன்வரலாற்றில் எழுதுகிறார். 'ஹனி ஜஸ்ட் அலவ் மீ' டெக்சாஸ் பாடகர் ஹென்றி தாமசுடையது. பின்னட்டையில், அந்தப் பாடகரின் முதல் பெயர் ஹென்றி என்பது மட்டும்தான் டிலனுக்கு ஞாபகம் இருக்கிறதாம்!

பேசிக்கொண்டே போகிற 'டாக்கிங்' பாட்டுகள் மூத்த நாட்டுப்பாடகர் உடி கத்ரியிடமிருந்து வந்தவை. 1961 ஜனவரியில் டிலன் நியூயார்க் வந்ததே கத்ரியைப் பார்க்கத்தான். அவர் நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். மூன்றாம் உலகப்போர் பற்றிய 'டாக்கிங்' பாட்டில் சிரிப்பு இன்னும் பழசாகவில்லை. மெட்டை எடுத்தால் என்ன என்கிற துணிச்சலும் கத்ரி பள்ளியில் கற்றதாகத்தான் இருக்கும். அவருடைய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' மெட்டே 'கார்ட்டர் குடும்பம்' என்ற பாடகர் குழுவினுடையது. மற்றபடி 'டவுன் தி ஹைவே', 'பாப் டிலன்ஸ் ப்ளூஸ்', கடைசியில் வரும் 'ஐ ஷால் பி ஃப்ரீ' மூன்றும் ஒருமுறை கேட்டால் போதும். கடைசியில் சொன்னதுக்கு ஊசியைத் தூக்கிவிடுவேன்.

இதெல்லாம் திருட்டா என்று அக்கா மகன் கேட்டான். திருட்டு இல்லை. 2015ல் ஒரு விருது மேடையில் டிலனே பட்டியல் போட்டுச் சொன்னார்: 'ஜான் ஹென்றி' பாட்டை நான் பாடிய அளவுக்கு நீங்களும் பாடியிருந்தால் 'எத்தனை சாலை' என்று ('ப்ளோயிங் இன் தி விண்ட்' தொடங்குவது அப்படித்தான்) நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்று. அது பாதிதான் உண்மை. கிரீனிச் வில்லேஜில் அதே பாட்டுகளை அதே அளவுக்குப் பாடியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சட்டை கேட்ட இடத்தில் கோட்டை விசாரிக்க அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் பாடியவர்கள் பெயரை 1963லேயே அட்டையில் போட்டிருக்கலாம். மறுபதிப்பிலாவது ஒரு தாள் செருகியிருக்கலாம். மூவாயிரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தாள் பெரிய செலவா?

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. தட்டைப் போடும் முன் போனில் 'நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்', கார்த்தியின் 'ஸ்கார்பரோ ஃபேர்', ஜீன் ரிச்சியின் 'நாட்டமுன் டவுன்', ஏதாவது ஒரு 'லார்டு ராண்டல்', 'லார்டு ஃபிராங்க்ளின்' ஐந்தையும் கேட்டுவிடுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. ஹார்மோனிகா சத்தமே ஆகாது என்பவர்கள் வாங்க வேண்டாம். கிதார் கற்கிறவர்கள் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம், 'டோன்ட் திங்க் ட்வைஸ்' விரல்நடையை மோனோவில் காதுகொடுத்துப் பிடிப்பது சுலபம். ஸ்டீரியோ பதிப்பு சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் அதை எடுக்காதீர்கள்.